மஞ்சள் வைத்த கிராபிக்ஸ் கார்டு

பொங்கல் முடிந்த வாரத்தில் கேம் என்னை வெளியே தள்ளிவிட்டது. புது அப்டேட் இறங்க ஒரு பகல் முழுக்க ஆனது. இறங்கி முடித்து ஓட்டப் போனால் கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி. உங்கள் கிராபிக்ஸ் கார்டில் இந்த விளையாட்டு இனி ஓடாது என்று அதற்கு அர்த்தம். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். பத்தாவதோடு நின்றவள் நான். ஆனால் அந்த வரி ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

அது என் அண்ணனுடைய கம்ப்யூட்டர். அண்ணன் போய் அப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டுத் திரும்பும்போது எல்லோரும் நகை, டிவி என்று கொண்டுவருவார்கள். அவன் வெறும் கையோடு வந்து, தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப்போய், ஒவ்வொரு சாமானாக வாங்கிவந்து இதைக் கட்டினான். கேபினட்டில் கை வைத்தால் கையை உடைப்பேன் என்றான். அவன் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிற நேரமெல்லாம் நான்தான் அதில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் மம்மட்டியும் கையுமாக வாசலில் நின்று கேட்டான்.

"ஏண்டி, நான் ஒரு மடைக்குத் தண்ணி கட்டிட்டு வர்றதுக்குள்ள என் ரேங்கு எப்புடி ஏறியிருக்கு?"

அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். உட்கார்ந்து எனக்கு ஒரு ஐடி போட்டுக் கொடுத்தான். அதற்கப்புறம் நாற்காலிக்கு எங்களுக்குள் தினமும் சண்டைதான்.

போன வருஷம் சம்பா அறுப்பில், ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் அவன் வண்டி சறுக்கிவிட்டது. யாருடைய நெல் என்று எங்களுக்குத் தெரியும். சொல்லமாட்டோம். அவர்களும் வந்து எங்களோடு விழுந்து அழுதார்கள்.

அவன் ஆடிய டீமில் அவனோடு சேர்த்து நாலு பேர். மற்ற மூவரும் சிங்கப்பூரில் அவனோடு ஒரே ரூமில் இருந்தவர்கள். இரண்டு பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒருவர் ஊர் திரும்பி கீழ்வேளூரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். அவரை நான் நேரில் பார்த்தது சாவுக்கு வந்தபோது மட்டும்தான். கருமாதி முடிந்த பிறகு போன் செய்து, உங்கண்ணன் எடத்துல நீ ஆடுறியா தங்கச்சி என்று கேட்டார். ஆடினேன். அந்த வருஷத்தில் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் எனக்கு ஞாபகம் இல்லை. ஆடியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஹெட்செட்டை மாட்டினால் அந்த நேரத்துக்கு நெஞ்சில் பாரம் இறங்கும். அப்படி ஆடி ஆடித்தான் ஒரு போட்டியில் பைனல் வரைக்கும் வந்திருந்தோம்.

அந்த நேரத்தில்தான் கார்டு பழசு என்று கேம் சொல்கிறது.

"அண்ணே, ஓடமாட்டேங்குது" என்றேன் போனில், கீழ்வேளூர் அண்ணனிடம்.

"அப்டேட்டுல தூக்கிட்டானா? நெனச்சேன். அந்தக் கார்ட மாத்தணும்னு உங்கண்ணன் எத்தன நாளா சொல்லிக்கிட்டிருந்தான் தெரியுமா?"

"தெரியும்ணே."

"அடுத்த ஞாயித்துக்கிழம சாயங்காலம் மேட்ச். மூணு பேரா ஆட விடமாட்டாங்க தங்கச்சி. நீ வரலைன்னா வேற ஆளப் போட்டாகணும். ஒருதடவ ஆள மாத்திட்டா மாத்துனதுதான், திரும்ப உன்ன உள்ள கொண்டார முடியாது."

"அன்னைக்குத்தாண்ணே அவனுக்குத் திதி."

கடைக்கு வந்த யாரையோ அப்புறம் வரச் சொன்னார். பிறகு, "யோசிச்சு சொல்லு. காரைக்கால்ல ஒருத்தன ரெடியா வச்சிருக்கேன். ஆனா எனக்கு நீ வேணும்" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது, கார்டை மாற்றவேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். எங்கள் வீட்டில் அது அவ்வளவு லேசு இல்லை. அண்ணன் போன பிறகு அந்த கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட சாமியாகிவிட்டது. அப்பா காலையில் எழுந்து குளித்ததும் அவன் போட்டோவுக்கு விபூதி வைப்பார். அப்படியே கையில் மிச்சம் இருப்பதை கேபினட்டின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்துவிடுவார். நான் ஆடுவதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு தடவை பக்கத்துத் தகரத்தைக் கழற்றித் தூசி தட்டப் போனேன். "அதுல கை வைக்காத பாப்பா. அவன் கட்டுனது கட்டுனபடி இருக்கட்டும்" என்றார்.  எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் மனசு வரவில்லை. கார்டை மாற்றினால் கரண்ட் போதவில்லை என்று, உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்லும். அதை மாற்றினால் போர்டு ஈடு கொடுக்காது. இப்படி ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் அண்ணன் வாங்கியது என்று வெறும் தகரம்தான் நிற்கும். அதற்கு இது ஓடாமலே இருக்கட்டும் என்று ஒரு பொழுது நினைப்பேன். அடுத்த பொழுது, மாற்றணும் மாற்றணும் என்று அலைந்தவனே அவன்தானே என்று நினைப்பேன். அவன் கைலியை எடுத்து கம்ப்யூட்டரின் மேல் போர்த்திவிட்டு, பார்க்காமல் இருக்கப் பழகினேன். நாலு நாள்கூடத் தாங்கவில்லை.

எனக்கு முன்னால் தாங்காமல் போனது அம்மா.

"கெளம்பு, தஞ்சாவூர் போவோம்" என்றாள் ஒரு காலையில்.

"எதுக்கு?"

"அந்தக் கருமத்த வாங்கத்தான். போன சித்திரையில உளுந்து வித்த காசு எங்கிட்ட இருக்கு."

"அப்பா திட்டுவாரும்மா."

"திட்டட்டும். நீ ஆடும்போது கத்துவ பாரு, அங்க நிக்கிறான், இங்க நிக்கிறான், போடு போடுன்னு. அப்ப அடுப்படியில எனக்கு ரெண்டு புள்ள இருக்குற மாரி இருக்கும். இப்ப வீடு எழவு வீடாட்டம் கெடக்கு. நீ கத்துனாத்தான்டி எனக்கு இது வீடு."

நான் எழுந்து தலை வாரிக்கொண்டேன்.

அண்ணன் சாமான் வாங்கிய அதே கடைதான். எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்று கடைக்காரர் கேட்டார். அது வந்த பழைய அட்டைப்பெட்டியின் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது ரொம்பப் பழைய அயிட்டம்மா. இதுல பெரிய கார்டு போட்டா இழுக்காது. நான் சொல்றதக் கேளுங்க, புதுசா ஒரு செட்டே போட்டுடுங்க. பழச எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்குறேன்."

எக்ஸ்சேஞ்ச் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரையும் பார்க்காமல் இருக்க, சுவரில் மாட்டியிருந்த மவுஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா கலங்கவில்லை.

"தம்பி, எங்க போர் மோட்டாருல காயில் போச்சுன்னா காயிலத்தான் கட்டுவோம். அதுக்காகப் போரையே தூத்துட்டு வேற போரா போடுவோம்?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "சரிங்கம்மா, காயிலே கட்டுவோம்" என்று சொல்லி உள்ளே போய் ஒரு சின்னக் கார்டு எடுத்து வந்தார். இதற்குத் தனி வயர் வேண்டாம், போர்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், மற்ற எதையும் தொடவேண்டியதில்லை என்றார். வாங்கும்போதுகூட அம்மா, "மூணு பேஸ் வந்து மோட்டாரெல்லாம் ஓடுனா எங்கூர்ல லைட்டே மங்கும், அதுக்கும் தாங்குமா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பளபளவென்று பச்சையும் கருப்புமாக இருந்த பெட்டியைப் பார்த்து பக்கத்தில் இருந்த பெண், "பேரனுக்கு பொம்மையா?" என்று கேட்டாள். "இல்ல, மவனுக்கு" என்றாள் அம்மா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் அப்பா பெட்டியைப் பார்த்தார். கேட்காமலே தெரிந்துவிட்டது அவருக்கு.

"எடுத்தத எடுத்த எடத்துல குடுத்துட்டு வந்துடு" என்றார்.

"குடுக்கமாட்டேன்" என்றாள் அம்மா.

அன்று அப்பா சாப்பிடவில்லை. பெட்டி பீரோவின் மேல் ஏறியது. அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அறுப்பு நேரம், ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம். ஞாயிறு காலையில் சொல்கிறேன் அண்ணே என்று கீழ்வேளூருக்குச் சொல்லியிருந்தேன். ஞாயிறு காலை வந்தது. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

படையலுக்கு குத்தாலத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் தங்கச்சி. எங்கள் பக்கத்தில் சாவுக் காரியம் எது என்றாலும் எது முன்னே எது பின்னே என்று அத்தையைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவாள். போட்டோவுக்கு முன்னால் இலை போட்டு, கறிக்குழம்பு, நண்டு, வடை, புரோட்டா, அவன் குடிக்கிற கலர் பாட்டில், புது வேட்டி சட்டை எல்லாம் வைத்தோம். கடைசியில் அம்மா பீரோவின் மேலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துவந்து வேட்டி பக்கத்தில் வைத்தாள். என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி இது?" என்றாள் அத்தை.

"கம்ப்யூட்டர் சாமான்."

"தெவசத்துல இதையெல்லாமா வைப்பாங்க?"

"அவனுக்குப் புடிச்சதத்தான வைக்கணும்? இத வாங்கணும்னுதான் கெடந்தான். வேட்டிய எப்ப கேட்டான் அவன்? கல்யாணத்துக்கே பேன்ட் போட்டுக்கிட்டு வருவான்."

அத்தை யோசித்தாள். "அதுவும் சரிதான். ஆனா பெட்டியோட வச்சா எப்புடி? வேட்டிய கவரோடயா வைக்கிறோம்? பிரிச்சு வச்சாத்தான அவன் பாப்பான்."

சொல்லிக்கொண்டே பிரித்துவிட்டாள். நான் ஓடிவந்து, "அத்த, ஓரத்தப் புடிங்க, ஓரத்தப் புடிங்க" என்று கத்தினேன்.

"நான் என்ன எச்சிக் கையாவா இருக்கேன்? இந்தா, என்னடி இது, இட்லிச் சட்டியாட்டம் ரெண்டு குழி? குழிக்குள்ள ஃபேன வேற வச்சிருக்கான்!"

அதற்குள் வடை கருகுகிறது என்று அம்மா கூப்பிட்டாள், அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அத்தை வேட்டியின் மூலையில் மஞ்சள் வைத்திருந்தாள். புதுத் துணி என்றால் மஞ்சள் வைக்காமல் யாரும் உடுத்துவதில்லை, அது எங்கள் வழக்கம். கார்டின் தகர ஓரத்திலும் ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது. பொட்டுதானே என்று விட்டுவிட்டேன்.

அப்பா உள்ளே வந்து இலைக்கு முன்னால் நின்றார். கார்டைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடி நின்றாள். அத்தை, "சூடத்த ஏத்துங்கண்ணே" என்றாள். ஏற்றினார். எல்லாம் காட்டி முடித்துச் செம்பை எடுத்து இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தார். கார்டுகிட்ட வந்தபோது இடது கையைக் குவித்து அதன் மேல் பிடித்துக்கொண்டார். ஒரு சொட்டுகூட அதில் விழவில்லை. அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் அன்று முதல் தடவை அழுதேன்.

சாம்பிராணிப் புகை அடங்கிய பிறகு அத்தை வேட்டியை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். "இந்தாங்கண்ணே, கட்டிக்கிட்டு வாங்க, அப்புறம் இலையப் போடலாம்." அப்பா கட்டிக்கொண்டு வந்தார். அத்தை கார்டைக் கையில் எடுத்தாள், இந்தத் தடவை ஓரத்தைப் பிடித்து.

"இது யாருக்கு?"

சுற்றி நின்ற ஒவ்வொருவருக்கும் நீட்டிக் காட்டினாள்.

"படைச்சத எடுத்துப் பூட்டி வைக்கக் கூடாது. அன்னைக்கே ஒருத்தரு உடுத்திப்புடணும். இல்லைன்னா அவன் ஏத்துக்கலன்னு ஆயிடும். சொல்லிப்புட்டேன்."

"அத எப்புடி உடுத்துறது? அது என்ன துணியா?" என்றாள் அம்மா.

அத்தை கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். மடிப்புக் கலையாத புது வேட்டியில், மூலையில் மஞ்சளோடு நின்றவர், தாடையால் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"அதுக்குத்தான் உடுத்தணும்" என்றார். "அது கட்டிக்கட்டும். கழட்டு பாப்பா."

இவ்வளவு நாளாக நான் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையில் முடிந்துபோனது. எதையும் மாற்றப்போவதில்லை. புதுசு உடுத்தப்போகிறது, அவ்வளவுதான். கீழ்வேளூருக்கு போன் போட்டு, "அண்ணே, காரைக்காலு வேணாம், நான் வர்றேன்" என்றேன். அந்தப் பக்கம் அவர் போட்ட கூச்சல் அத்தைக்குக்கூடக் கேட்டது.

கைலியை உருவிவிட்டு, கேபினட்டைக் கூடத்துக்குத் தூக்கிவந்து பாயில் படுக்கவைத்தோம். பக்கத்துத் தகரத்தின் ஸ்குரூ எனக்கு அசையவில்லை. அப்பா மோட்டார் கொட்டகையில் வைத்திருக்கும் கட்டிங் பிளேயரை எடுத்துவந்து உட்கார்ந்தார். கழுத்து நரம்பு புடைக்கத் திருகினார். ஸ்குரூ முனகிக்கொண்டு வந்தது.

"ஏன்டா இம்புட்டு முறுக்கியிருக்க?" என்று அவனையே கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "எம்புள்ள முறுக்குனா அப்புடித்தான்" என்றார். சிரித்தார். ஒரு வருஷமாக நான் அந்தப் பல்லைப் பார்க்கவில்லை.

உள்ளே பார்த்தால் ஒரே நெல் சுணை. அறுப்பு மிஷின் ஓடும்போது காற்றில் பறந்து உடம்பெல்லாம் அரிக்குமே, அந்தத் தூசி. ஃபேன் இறக்கைகளில் பஞ்சுபோல் அப்பிக்கிடந்தது. இந்த வருஷத்துச் சுணையும் அவன் இருந்த வருஷத்துச் சுணையும் கலந்திருக்கும், பிரிக்க முடியாது. பெயின்ட் பிரஷால் தட்டி எல்லாவற்றையும் வாசலில் கொட்டினேன். அரித்தது. சொறிந்துகொண்டே பழைய கார்டை உருவினேன். புதுசை அதே இடத்தில் வைத்து அமுக்கினேன். டக்கென்று உட்கார்ந்தது.

திரையையும் கொண்டுவந்து வயர்களை மாட்டிப் பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் இல்லை.

அணைத்துப் போட்டேன். இல்லை. வயரை மாற்றிச் சொருகினேன். இல்லை. அப்பாவின் முகத்தில் கொஞ்சம் முன்னால் வந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. மேட்ச்சுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. அவன் கட்டியது கட்டியபடி இருந்தபோது கருப்புத் திரையாவது ஒரு வரி பேசியது. இப்போது அதுவும் இல்லை. நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். 

"கழட்டிப் பாருடி" என்றாள் அம்மா.

கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். கார்டின் அடியில் போர்டுக்குள் இறங்குகிற இடத்தில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். அந்தப் பல்லில் பாதி, காய்ந்த மஞ்சள் பூசிக்கிடந்தது.

"அத்த! இங்கயும் மஞ்ச வச்சீங்களா?"

"ஆமா, வச்சேன். வேட்டின்னா கரையில வைக்கிறதில்லையா? அதுல அந்தத் தங்கக் கலரு ஓரந்தான் கரையாட்டம் இருந்துச்சு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "சாமான் வீணாப்போயிடுச்சாடி?" என்று அத்தை கேட்ட குரலில் பயம் இருந்தது. பாவமாகிவிட்டது.

அண்ணனுடைய டிராயரில் எப்போதும் ஒரு ரப்பர் கிடக்கும். கம்ப்யூட்டர் எழுந்திருக்காத நாளில் ரேமை உருவி அதன் பல்லை ரப்பரால் தேய்ப்பான். அந்த ரப்பரை எடுத்து மஞ்சளை மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். போகவில்லை என்கிற இடத்தில் வெறும் வாயால் ஊதி ஊதித் தேய்த்தேன். பல் திரும்பத் தங்கமாகிற வரைக்கும் விடவில்லை. மறுபடி சொருகினேன். பட்டனை நான் அமுக்கவில்லை.

"நீங்க அமுக்குங்கப்பா."

அமுக்கினார். திரை வெளுத்தது. பெரிதாக, இதுவரை நான் பார்க்காத தெளிவில் வந்தது. அப்பா எழுந்தார். கேபினட்டின் நெற்றியில் இருந்த விபூதியைத் துண்டால் துடைத்துவிட்டார். 

"ஆச்சா? ஓடுதா?" என்றாள் அத்தை.

"இன்னும் இல்ல, டிரைவர் வரணும்."

"எந்த டிரைவரு? மினிபஸ் டிரைவரா? அவன் எதுக்கு இங்க?"

கார்டை ஓட்டவைக்கிற டிரைவர் சாப்ட்வேர் இறங்கி, கேம் திறந்து, நான் ஹெட்செட்டை மாட்டியபோது மற்ற மூன்று பேரும் உள்ளே காத்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர் அண்ணன்கள் இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "வந்துட்டியா, சரி வா" என்றார்கள். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

தெவச வீட்டில் டிவி சத்தம் வைக்கலாமா என்று அத்தை ஒரு தடவை ஆரம்பித்தாள். "அவன் சாப்புட்டது போக மிச்சத்த நாம சாப்புட்டமா இல்லையா? இதுவும் அதேதான்" என்றாள் அம்மா. அத்தை நாற்காலியை எனக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா தூணில் சாய்ந்து நின்றார். சாப்பிட வந்த சொந்தக்காரர்கள் வெற்றிலையோடு வந்து நின்றார்கள். மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தால் கோப்பை.

முதல் ஆட்டத்தில் நான் ஒருத்தனைக்கூட அடிக்கவில்லை. பழைய கார்டில் படம் திக்கித் திக்கித்தான் வரும். ஆள் இங்கே தெரிந்தால் உண்மையில் அங்கே போயிருப்பான். அதனால் அவன் போகப்போகிற இடத்தைக் கணக்குப் பண்ணி முன்னாலேயே சுடப் பழகியிருந்தேன். இப்போது படம் தண்ணீர் மாதிரி ஓடியது. நான் சுட்டதெல்லாம் ஆளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. செத்தேன், செத்தேன், திரும்பச் செத்தேன்.

"பழசே தேவலாம் போலருக்கே" என்றாள் அத்தை.

காதில் கீழ்வேளூர் அண்ணன் பேசினார். "தங்கச்சி, நீ இன்னும் பழைய மிஷினுக்கே சுடுற. இல்லாத எடத்தச் சுடாத. கண்ணுல படுறதச் சுடு."

கையை உதறிக்கொண்டேன். இரண்டாவது ஆட்டத்தில் கண்ணில் பட்டதைச் சுட்டேன். விழுந்தான். அடுத்தவன் விழுந்தான். இவ்வளவு சுலபமா இது என்று இருந்தது. இத்தனை நாள் நான் சேற்றில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன், இப்போதுதான் தார் ரோட்டில் கால் வைக்கிறேன். ஆளுக்கு ஒரு ஆட்டம், ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவதின் கடைசிச் சுற்றில் எங்கள் ஆட்கள் மூன்று பேரும் விழுந்துவிட்டார்கள். எதிரில் இரண்டு பேர், இந்தப் பக்கம் நான் ஒருத்தி. ஒரு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.   அண்ணன் இருந்தால் என்ன செய்திருப்பான் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டேன். அவன் ஓடிப்போய் நடுவில் குதிப்பான். எனக்குக் காத்திருக்கத்தான் வரும். காத்திருந்தேன். ஒருத்தன் ஜன்னலில் தலையை நீட்டினான், சுட்டேன். அவன் கீழே விழுவதற்குள் அடுத்தவன் படியில் இறங்கினான், அவசரப்பட்டு.

"அந்தா! அந்தா வர்றான்டி! போடு அவன!" என்று கத்தியது அத்தை.

போட்டேன்.

திரை முழுக்கத் தங்கக் காகிதமாகப் பறந்தது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தினேன், வார்த்தை எதுவும் இல்லாமல். காதில் மூன்று ஆம்பளைகள் அழுதுகொண்டே கத்தினார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அவளும் கத்தினாள். என்ன ஜெயித்தோம் என்று அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அப்பா வாசலுக்குப் போய், தெருவில் போகிற ஆளை நிறுத்தி, "எம்பொண்ணு ஜெயிச்சுப்புட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்ன போட்டி என்று அந்த ஆள் கேட்டதற்கு, "பெரிய போட்டி" என்றார்.

மறுநாள் காலை அறுப்பு மிஷின் இறங்குவதற்கு முன்னால் வயலின் மூலைகளைக் கையால் அறுத்து வழி விடுகிற வேலை இருந்தது. போனேன். தொண்டை சுத்தமாகக் கட்டிப்போயிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கூட அறுத்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கிட்ட வந்து தோளைத் தொட்டாள்.

"நேத்து ரொம்ப அழுதியாடி?"

"இல்லக்கா" என்றேன். "ஜெயிச்சேன்."

"என்னத்த?"

அரிவாளை இடுப்பில் சொருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து, வராத குரலில் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.